வெளிச்சத்தால் இயங்கும் ரிலே: எஸ்.எஸ்.ஆர். உள்ளே நடப்பதும், அதைச் சரியாகப் பொருத்தும் முறையும்

"அண்ணா, கன்ட்ரோலர்ல அவுட் லைட்டே எரியல. ஆனா ஓவன் சூடு ஏறிக்கிட்டே போகுது."

சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் வந்த போன். மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்றில் வார்னிஷ் காயவைக்கும் ஓவன் அது. 230 வோல்ட், 3 கிலோவாட் ஹீட்டர், செட் பாயிண்ட் 130 டிகிரி. ஹீட்டர் எம்.சி.பி.யை (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) உடனே இறக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோதும் டிஸ்பிளே 187 காட்டியது. உள்ளே இரண்டு பம்ப் ஸ்டேட்டர்கள். கருகல் வாடை வாசல் வரை வந்துவிட்டது.

பேனலைத் திறந்து, ஹீட்டரை ஆன் ஆஃப் செய்யும் மின்னணு ரிலேயான எஸ்.எஸ்.ஆர்.க்குக் கட்டளை கொண்டுபோகும் இரண்டு மெல்லிய வயர்களையும் கழற்றினேன். ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, எம்.சி.பி.யை ஒரு கணம் ஏற்றினேன். 13 ஆம்பியர். கட்டளை கொடுக்க ஆளே இல்லை, ஆனாலும் முழு கரண்ட் ஓடுகிறது. எஸ்.எஸ்.ஆர். ஷார்ட் ஆகிவிட்டது. அந்தப் பேனலைச் செய்து பொருத்தியது நான்தான், யாரையும் குறை சொல்ல வழியில்லை.

சாலிட் ஸ்டேட் ரிலே, சுருக்கமாக எஸ்.எஸ்.ஆர்., என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது "ஆப்டிக்கல் ஐசொலேஷன் இருக்கிறது, பாதுகாப்பானது" என்பதைத்தான். பொய்யில்லை. ஆனால் அந்த ஒளி பிரித்து வைப்பது கன்ட்ரோல் பக்கத்தையும் பவர் பக்கத்தையும் மட்டுமே. சப்ளையையும் ஹீட்டரையும் எஸ்.எஸ்.ஆர். ஒருநாளும் முழுசாகப் பிரிப்பதில்லை. போதாக்குறைக்கு, சாகும்போது பெரும்பாலும் ஆன் நிலையில்தான் சாகும். இந்த இரண்டும் மனதில் இருந்தால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

கையடக்கமான, அடியில் உலோகத் தகடு வைத்த பெட்டி. மேலே நான்கு ஸ்க்ரூ. 3, 4 என்று போட்டிருப்பது கன்ட்ரோல் பக்கம். பிளஸ், மைனஸ் பார்த்துக் கொடுக்க வேண்டும். 1, 2 என்பது லோடு பக்கம், அதாவது ஹீட்டர் போல கரண்ட் இழுக்கும் சாதனத்தின் பக்கம்.

கன்ட்ரோல் பக்கத்தில் 3 முதல் 32 வோல்ட் வரை எந்த டி.சி.யையும் கொடுக்கலாம் என்று அச்சடித்திருப்பார்கள். இவ்வளவு அகலமான வீச்சு எப்படி என்றால், உள்ளே கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்ன சர்க்யூட் ஒன்று இருக்கிறது. வோல்ட் எவ்வளவு வந்தாலும் அது சில மில்லி ஆம்பியர் முதல் பத்துப் பதினைந்து மில்லி ஆம்பியர் வரைதான் உள்ளே விடும். அந்தக் கரண்ட் ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி.யை எரிய வைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். மேலே தெரியும் சிவப்பு விளக்கு வேறு, அது நமக்காக வைத்தது.

எல்.இ.டி.க்கு எதிரே ஒளியை உணரும் குறைகடத்திச் சில்லு ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒளியை விடும், மின்சாரத்தை விடாத ரெசின். இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் சில ஆயிரம் வோல்ட் வரை தாங்கும். எல்.இ.டி., ரெசின், சில்லு மூன்றும் ஒரே உறைக்குள் இருந்தால் அதற்குப் பெயர் ஆப்டோ கப்ளர். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று டார்ச் அடித்தால் அந்தப் பக்கத்து ஆள் கதவைத் திறப்பான், அவ்வளவுதான் ஏற்பாடு. டார்ச் அடிப்பவனும் கதவுக்காரனும் ஒருவரையொருவர் தொடவே முடியாது. ஹீட்டர் பக்கத்தில் மின்னல் தாக்கம் போல ஏதாவது வந்தாலும், கன்ட்ரோலரின் 5 வோல்ட் பக்கம் தப்பிப்பது இதனால்தான்.

சாதா ரிலேயும் காயிலையும் காண்டாக்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அங்கே நடுவில் காந்தம், இங்கே வெளிச்சம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வெளிச்சம் பட்ட சில்லு, பெரிய கரண்டைத் தாங்கும் டிரையாக்கின் (ஏ.சி.யை இரு திசையிலும் விடும் குறைகடத்தி சுவிட்ச்) கேட்டுக்கு, அதாவது தூண்டும் முனைக்கு, ஒரு சின்னத் தூண்டலைக் கொடுக்கும். பெரிய எஸ்.எஸ்.ஆர்.களில் டிரையாக்குக்குப் பதிலாக, ஒரு திசையில் மட்டும் கரண்டை விடும் தைரிஸ்டர்கள் இரண்டு, முதுகோடு முதுகு சேர்த்து இருக்கும். தைரிஸ்டரை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1957இல் கொண்டுவந்தது, இன்றைய எஸ்.எஸ்.ஆர். பெட்டியின் முதுகெலும்பு இன்னமும் அதுதான்.

தைரிஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை தூண்டிவிட்டால் பிறகு கேட்டை விட்டுவிட்டாலும் அணையாது. தன் வழியாக ஓடும் கரண்ட் ஏறத்தாழ பூஜ்யத்துக்கு வந்தால்தான் அணையும். ஏ.சி.யில் இது பிரச்சினையே இல்லை. 50 ஹெர்ட்ஸ் லைனில் வினாடிக்கு 100 முறை பூஜ்யம் தானாக வருகிறது. அதே எஸ்.எஸ்.ஆர்.ஐ 24 வோல்ட் டி.சி. வால்வுக்குப் போட்டுப் பாருங்கள்: ஆன் ஆகும், அப்புறம் சப்ளையைப் பிடுங்கும் வரை ஆஃப் ஆகாது. "எஸ்.எஸ்.ஆர். ஃபால்ட்" என்று திருப்பிக் கொடுக்க வருபவர்களில் சிலர் கொண்டுவருவது, ஒரு குறையுமில்லாத இந்த எஸ்.எஸ்.ஆர்.ஐத்தான்.

ஜீரோ கிராஸ் என்கிற நல்ல பழக்கம்

கட்டளை வந்த கணமே ஆன் ஆனால், ஏ.சி. அலை உச்சியில், அதாவது 325 வோல்ட்டில் இருக்கும்போது லோடு திடீரென்று இணையலாம். அப்போது கரண்ட் செங்குத்தாக ஏறும். பக்கத்து ரேடியோ, சென்சார், கம்யூனிகேஷன் வயர் எல்லாவற்றிலும் இரைச்சல் புகும். அதனால் பெரும்பாலான எஸ்.எஸ்.ஆர்.கள் கட்டளையை வாங்கிக்கொண்டு, வோல்ட்டேஜ் பூஜ்யத்தை ஒட்டி வரும்வரை காத்திருக்கும். உதாரணமாக எம்.ஓ.சி. 3041, 3063 போன்ற ஆப்டோ சில்லுகள், லைன் வோல்ட்டேஜ் அதிகபட்சம் 20 வோல்ட் அளவைத் தாண்டியிருந்தால் அந்த அரை அலையில் தூண்டாது. காத்திருப்பு அதிகம் போனால் 10 மில்லி செகண்ட். ஹீட்டருக்கு அது ஒன்றுமே இல்லை.

காத்திருக்காமல் உடனே ஆன் ஆகும் ரகமும் உண்டு, ரேண்டம் டர்ன் ஆன் என்பார்கள். எம்.ஓ.சி. 3021 அந்த வகை. விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க, அதாவது அலையை நடுவில் வெட்ட, இதுதான் வேண்டும். ஜீரோ கிராஸ் எஸ்.எஸ்.ஆர்.ஐ வைத்து டிம்மர் செய்ய முயன்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிய அனுபவம் எனக்கு உண்டு.

ஜீரோ கிராஸ் எப்போதும் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மரை வோல்ட்டேஜ் பூஜ்யத்தில் இணைத்தால்தான் அதன் இரும்புக் கோர் காந்தப்புலத்தால் மோசமாக நிரம்பும். முதல் அரை அலையில் கரண்ட் பல மடங்கு பாயும். கெப்பாசிட்டர் வகை லோடுக்கு ஜீரோ கிராஸ் வரம். டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுவே சாபம்.

காண்டாக்டர் போதாதா?

காண்டாக்டர் என்பது பெரிய கரண்டுக்கான சாதா ரிலே. பல இடங்களில் தாராளமாகப் போதும். ஒரு நாளைக்கு நாலு முறை ஆன் ஆஃப் ஆகும் பம்புக்கு எஸ்.எஸ்.ஆர். போடுவது காசுக்குக் கேடு. ஆனால் சூட்டைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. கன்ட்ரோலரின் சைக்கிள் டைம், அதாவது ஒரு ஆன் ஆஃப் சுற்றுக்கான நேரம், 20 செகண்ட் என்றால், பத்து மணி நேர வேலையில் 1,800 முறை அடிக்கும். முழு லோடில் ஒரு லட்சம் முறை தாங்கும் சின்ன ரிலே இரண்டு மாதம்கூட வராது. துல்லியத்துக்காக சைக்கிள் டைமை 2 செகண்டுக்கு இறக்கினால் நாளுக்கு 18,000 முறை. ஆறு நாளில் அதே ரிலேயின் ஆயுள் முடிந்துவிடும். எஸ்.எஸ்.ஆர்.இல் தேய எதுவும் இல்லை, பொறி பறக்காது, சத்தமும் இல்லை. அதற்காகத்தான் அது.

படி 1: லோடு என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆம்பியரைப் பார்க்கும் முன் லோடின் குணத்தைப் பாருங்கள். நம் ஓவன் ஹீட்டர் நல்ல பிள்ளை: 3,000 வாட், 230 வோல்ட், 13 ஆம்பியர். ஆன் ஆகும்போதும் அதே 13, ஓடும்போதும் அதே 13. குண்டு பல்பும் குவார்ட்ஸ் லாம்பும் குளிர்ந்த நிலையில் பத்து மடங்குக்கும் மேல் இழுக்கும். மோட்டார் கிளம்பும்போது ஆறு முதல் எட்டு மடங்கு. டேட்டா ஷீட்டில் ஏ.சி. 51 என்றால் ஹீட்டர் போன்ற லோடுக்கான ரேட்டிங், ஏ.சி. 53ஏ என்றால் மோட்டாருக்கானது. ஒரே பெட்டியில் இந்த இரண்டு எண்ணும் வெகுதூரம் விலகி இருக்கும். பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருப்பது எப்போதும் பெரிய எண்தான்.

மோட்டாரை இரண்டு திசையிலும் ஓட்ட எஸ்.எஸ்.ஆர். வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்று ஆஃப் கட்டளை பெற்ற பிறகும் அரை அலை வரை ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் மற்றது ஆன் ஆனால் பேஸும் பேஸும் மோதும். நடுவில் 100 மில்லி செகண்டாவது இடைவெளி விடுங்கள்.

படி 2: எழுத்தையும் வோல்ட்டேஜையும் பார்த்து வாங்குங்கள்

மாடல் எண்ணின் கடைசியில் பெரும்பாலும் இரண்டு எழுத்து இருக்கும். டி.ஏ. என்றால் கட்டளை டி.சி., லோடு ஏ.சி. ஏ.ஏ. என்றால் இரண்டுமே ஏ.சி. டி.டி. என்றால் இரண்டுமே டி.சி.; இதன் உள்ளே தைரிஸ்டர் இருக்காது, மாஸ்ஃபெட் அல்லது டிரான்சிஸ்டர் இருக்கும். டி.டி. வகையில் வால்வு, காயில் ஓட்டினால் லோடுக்குக் குறுக்கே ஒரு டயோடைத் தலைகீழாகப் போட மறக்காதீர்கள்.

ஆம்பியர்: ஹீட்டருக்கு ஓடும் கரண்டைப் போல இரண்டு மடங்கு எடுங்கள். 13 ஆம்பியருக்கு 25 குறைந்தபட்சம். நான் 40 போடுவேன், விலை வித்தியாசம் ஒரு சாப்பாட்டுக் காசுதான்.

வோல்ட்டேஜ்: 240 வோல்ட் வகை உச்சமாக 600 வோல்ட்டைத் தாங்கும்; 480 வோல்ட் வகை 1,200ஐத் தாங்கும். நம் லைன் 230 தானே என்று முதல் வகையை எடுப்பது வழக்கம். அக்கம்பக்கத்தில் வெல்டிங் செட்டும் பெரிய மோட்டாரும் ஓடும் தொழிற்பேட்டையில் லைனில் வரும் ஸ்பைக் அந்த 600ஐ எளிதாகத் தொடும். 480 வகையை வாங்குங்கள்.

அப்புறம் போலிச் சரக்கு. மேலே 40 ஆம்பியர் என்று போட்டு, உள்ளே அதில் பாதியைக்கூடத் தாங்காத டிரையாக்கை வைத்து விற்பது இந்தப் பொருளில் சகஜம். எடை ஒரு துப்பு: அடித் தகடு மெல்லிசாக, பெட்டி கையில் லேசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தரமானதோடு ஒப்பிட விலை பாதிக்கும் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

படி 3: சூட்டை வெளியேற்றுங்கள்

நான் கோட்டைவிட்ட இடம் இது.

காண்டாக்டரின் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் நடுவில் விழும் வோல்ட்டேஜ் சில பத்து மில்லி வோல்ட். எஸ்.எஸ்.ஆர்.இல் சிலிக்கான் வழியாகவே கரண்ட் போவதால் 1 முதல் 1.6 வோல்ட் வரை விழும். அந்த வோல்ட்டேஜும் ஓடும் கரண்டும் பெருக்கினால் வருவது முழுவதும் சூடு. நம் ஓவனுக்கு 13 ஆம்பியரை 1.2 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 16 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னை பேனலுக்குள் ஆன் செய்து வைத்த மாதிரி. ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குச் சற்று மேல் என்று மனக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஹீட் சிங்க். பேனலுக்குள் கோடையில் 50 டிகிரி இருக்கும் என்று வைப்போம். எஸ்.எஸ்.ஆர்.இன் அடித் தகடு 80 டிகிரியைத் தாண்டக் கூடாது. இடையில் இருப்பது 30 டிகிரி. 30ஐ 16ஆல் வகுத்தால் 1.9. அதாவது ஒவ்வொரு வாட்டுக்கும் 1.9 டிகிரிக்கு மேல் சூடேறாத ஹீட் சிங்க் வேண்டும். ஹீட் சிங்க் விவரத்தில் இந்த எண் இருக்கும்; எண் சிறியதாக இருந்தால் ஹீட் சிங்க் நல்லது. நான் அந்தப் பேனலில் வைத்தது கையில் கிடந்த ஒரு சின்ன அலுமினியத் துண்டு. அதோடு பேனல் கதவில் காற்றோட்டமும் இல்லை. மார்கழியில் ஓடியது, சித்திரையில் செத்தது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை: ஹீட் சிங்கின் விலாக்கள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும், சூடான காற்று தானாக மேலே ஏறிப் போகும். படுக்கவைத்தால் காற்று அடைபடும். தகடுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தெர்மல் பேஸ்ட் ஒரு மெல்லிய படலமாக. ரொட்டிக்கு ஜாம் பூசுகிற மாதிரி அப்பினால் அதுவே தடை. பெயின்ட் அடித்த பேனல் தகட்டை ஹீட் சிங்காக நம்பாதீர்கள், பெயின்ட் சூட்டை மறிக்கும். இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் முழுசாக இறுக்கினால் தகடு ஒரு ஓரத்தில் தூக்கிக்கொள்ளும்.

வயர் லக்கும் சூட்டுக்குக் காரணமாகலாம். லோடு ஸ்க்ரூ தளர்ந்தால் அங்கே உண்டாகும் சூடு எஸ்.எஸ்.ஆர்.க்குள் இறங்கும். எரிந்துபோன எஸ்.எஸ்.ஆர்.இல் 1 அல்லது 2ஐச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால், குற்றவாளி ஸ்க்ரூதான்.

படி 4: செத்தால் என்ன ஆகும் என்று யோசித்து வயரிங் செய்யுங்கள்

பேஸ் வயர் எம்.சி.பி.யில் புகுந்து, அங்கிருந்து ஒரு காண்டாக்டருக்குப் போய், பிறகு எஸ்.எஸ்.ஆர்.இன் 1, 2 வழியாக ஹீட்டருக்குப் போகட்டும். எஸ்.எஸ்.ஆர். இருக்கும்போது காண்டாக்டர் எதற்கு என்று ஓனர்கள் கேட்பார்கள். அன்றாட ஆன் ஆஃப் வேலை எஸ்.எஸ்.ஆர்.உடையது. காண்டாக்டர் காலையில் ஒருமுறை ஏறி, மாலையில் ஒருமுறை இறங்கும். ஆபத்து வந்தால் உயிரைக் காப்பாற்றுவது அது.

அந்தக் காண்டாக்டரின் காயிலை ஒரு தனி லிமிட் தெர்மோஸ்டாட் வழியாக எடுங்கள். நம் ஓவனுக்கு 150 டிகிரி. சூடு அதைத் தாண்டினால் காண்டாக்டர் விழ வேண்டும். ஆறிய பிறகு தானாக ஏறக் கூடாது, ஆள் வந்து பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஏற வேண்டும். கன்ட்ரோலரிலேயே அலார்ம் ரிலே இருக்கிறதே, அது போதாதா? போதாது. சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் தன் குழியிலிருந்து நழுவி வெளியே தொங்கினால், கன்ட்ரோலருக்கு ஓவன் 40 டிகிரியில் இருப்பதாகத்தான் தெரியும். முழு ஹீட்டையும் போட்டுக்கொண்டே, அலார்மும் அடிக்காமல் உட்கார்ந்திருக்கும். லிமிட்டுக்குத் தனி சென்சார் வேண்டும் என்பது இதனால்தான். வார்னிஷ் ஓவனில் கரைப்பான் ஆவி நிற்கும், தீ பிடிக்கக்கூடியது. அங்கே இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஃபியூஸ் பற்றி: எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், எஸ்.எஸ்.ஆர்.ஐக் காப்பாற்றுவது சந்தேகம். ஹீட்டர் ஷார்ட் ஆனால் எம்.சி.பி. விழுவதற்குள் சிலிக்கான் உருகிவிடும். செமிகண்டக்டர் ஃபியூஸ் என்று தனியாக உண்டு. அதன் ஐ ஸ்கொயர் டி மதிப்பு (உருகி அறுபடும்வரை உள்ளே விடும் கரண்டின் வலிமையைச் சொல்லும் எண்) எஸ்.எஸ்.ஆர்.உடையதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். விலை அதிகம், சில சமயம் எஸ்.எஸ்.ஆர். விலைக்கே வந்துவிடும். சின்ன ஓவனுக்கு நான் பி கர்வ் எம்.சி.பி.யோடு நிறுத்திக்கொள்வேன், அது ரேட்டிங்கைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே சட்டென்று விழும். பல லட்ச ரூபாய் மெஷினுக்கு ஃபியூஸ் போட்டே ஆக வேண்டும்.

1க்கும் 2க்கும் குறுக்கே 275 வோல்ட் எம்.ஓ.வி. ஒன்று. ஸ்பைக்கை அது விழுங்கும். பல எஸ்.எஸ்.ஆர்.களுக்குள் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் ஏற்கெனவே இருக்கும். மோட்டார், வால்வு போன்ற காயில் லோடு அணையும்போது வோல்ட்டேஜ் திடீரென்று எகிறி டிரையாக்கைத் தவறாகத் தூண்டிவிடாமல் இருக்க அது வேண்டும்.

அந்த ஸ்னப்பருக்கு ஒரு விலை இருக்கிறது. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியாக 7 மில்லி ஆம்பியர் எப்போதும் கசியும், எஸ்.எஸ்.ஆர். ஆஃபில் இருந்தாலும். ஹீட்டருக்கு அது தெரியவே தெரியாது. எல்.இ.டி. பல்பு அரைகுறையாக மினுக்கும், சின்ன ரிலே காயில் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட லோடுக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரைப் போட்டுக் கசிவை அதற்குத் திருப்பிவிடலாம். மனிதருக்கு அப்படி ஒரு மாற்று வழி கிடையாது. எஸ்.எஸ்.ஆர். லைட் அணைந்திருக்கிறது என்று நம்பி ஹீட்டர் டெர்மினலைத் தொடாதீர்கள். எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

படி 5: கட்டளை கொடுக்கும் பக்கம்

டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வாங்கும்போதே எஸ்.எஸ்.ஆர். அவுட்புட் உள்ளதைக் கேளுங்கள். 12 வோல்ட் டி.சி. பல்ஸ் நேராக வரும். சைக்கிள் டைமை 2 செகண்ட் வைக்கலாம். 50 ஹெர்ட்ஸில் அதற்குள் 200 அரை அலைகள். கன்ட்ரோலர் 40 சதவீதம் கேட்டால் 80 அரை அலை ஹீட்டருக்குப் போகும், 120 போகாது. பிறகு கன்ட்ரோலர் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ டியூனைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி. 32 போன்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளை வைத்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 3.3 வோல்ட் பின்னிலிருந்து நேராக எஸ்.எஸ்.ஆர்.க்குக் கொடுத்தால், லோடில் அது 3க்கு அருகே இறங்கி, எஸ்.எஸ்.ஆர். எரிவதா வேண்டாமா என்று தடுமாறும். நடுவில் ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டர் வைத்து 5 வோல்ட்டில் ஓட்டுங்கள்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ நீங்களே செய்ய ஆசைப்பட்டால், எம்.ஓ.சி. 3063ஐ எடுங்கள். அதற்குத் தூண்ட 5 மில்லி ஆம்பியர் போதும். அதே குடும்பத்தில் 3062க்கு 10, 3061க்கு 15. எல்.இ.டி.யில் 1.3 வோல்ட் விழும் என்று வைத்தால், 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம் வழியாக 11 மில்லி ஆம்பியர் போகும். தேவையைவிட இரண்டு மடங்கு ஏன்? உள்ளே இருக்கும் எல்.இ.டி. வருடங்கள் போகப் போக மங்கும். இன்று 5இல் மட்டுமட்டாக ஓடும் சர்க்யூட், நாலு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் காரணமே சொல்லாமல் எழுந்திருக்க மறுக்கும். பிரின்டட் போர்டில் ஆப்டோ கப்ளருக்கு அடியே தாமிரம் எதுவும் ஓடக் கூடாது. சில்லுக்குள் வாங்கிய பாதுகாப்பை வெளியே ஒரு டிராக்கில் தொலைத்த போர்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

படி 6: சோதித்துப் பாருங்கள்

லோடு இல்லாமல் 1, 2 பக்கத்தில் மல்ட்டிமீட்டர் வைத்து "ஆஃப்லயும் 200 வோல்ட் வருது" என்று பதறுவது எல்லோருக்கும் நடப்பது. மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு, ஸ்னப்பர் கசிவே அதற்குப் போதும். 100 வாட் குண்டு பல்பை லோடாக மாட்டுங்கள். 9 வோல்ட் பேட்டரியை 3, 4இல் பிளஸ் மைனஸ் பார்த்து வையுங்கள். பல்பு எரிய வேண்டும். எடுத்ததும் சுத்தமாக அணைய வேண்டும். சப்ளையை எடுத்துவிட்டு 1, 2க்கு நடுவே ஓம் பாருங்கள்: மிக உயர்ந்த ரெசிஸ்டன்ஸ் காட்டினால் நல்லது, பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அது இனி வெறும் வயர் துண்டு.

பிறகு உண்மையான லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அடித் தகட்டின் சூட்டை அளங்கள். கை வைத்துப் பார்ப்பதென்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஹீட் சிங்கில் மட்டும். இரண்டு செகண்டுக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்றால் ஹீட் சிங்க் போதவில்லை.

வெளிச்சத்தை வேறு விதமாகப் பயன்படுத்தும் சின்ன உறவினர்

மேலே சொன்னதெல்லாம் பவர் பக்கம். இதே குடும்பத்தில், ஐ.சி. அளவே உள்ள இன்னொரு ரிலே இருக்கிறது. ஃபோட்டோமாஸ் என்ற வணிகப் பெயரால் பலருக்குத் தெரியும். இதில் எல்.இ.டி.யின் ஒளி, வரிசையாக அடுக்கிய நுண்ணிய ஃபோட்டோ டயோடுகள் மேல் விழும். அவை சோலார் பேனலைப் போலவே வோல்ட்டேஜை உண்டாக்கும். மைக்ரோ ஆம்பியர் அளவே வந்தாலும், மாஸ்ஃபெட்டின் கேட்டைத் திறக்க அது போதும். ஒளி இங்கே சேதி மட்டும் சொல்லவில்லை, கதவைத் திறக்கும் சக்தியையும் அதுவே சுமந்துவருகிறது. அந்தப் பக்கத்துக்குத் தனி சப்ளையே வேண்டாம் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

முதுகோடு முதுகாக இரண்டு மாஸ்ஃபெட் இருப்பதால் ஏ.சி., டி.சி. இரண்டையும் ஓட்டும். தைரிஸ்டர் போல ஒரு வோல்ட்டை விழுங்காது, ஒரு சாதாரண ரெசிஸ்டர் போல நடந்துகொள்ளும். அதனால் மைக்ரோ வோல்ட் சிக்னலும் சிதையாமல் போகும். சோதனைக் கருவிகளில் நூற்றுக்கணக்கான சேனல்களை மாற்ற, பேட்டரி பேக்கின் ஒவ்வொரு செல்லையும் மாற்றி மாற்றி அளக்க, மின் வாகனத்தில் பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவே இன்சுலேஷன் சரியா என்று பார்க்க இதுதான். பழைய டயல் அப் மோடம்களில் சில போன் லைனை எடுத்ததும் வைத்ததும் இந்த வகை ரிலேயால்தான்.

பெரிய பெட்டிகளின் ஊர் வேறு: பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினின் பேரல் ஹீட்டர், பாக்கெட் ஒட்டும் சீலிங் மெஷின், ஏ.சி.யில் ஓடும் 3டி பிரின்டர் படுகை, முட்டை இன்குபேட்டர். லேசர் பிரின்டரில் தாளைச் சூடாக்கும் ஃப்யூசரை ஓட்டுவதும், தனிப் பெட்டியாக இல்லாவிட்டாலும், ஆப்டோவும் டிரையாக்கும் சேர்ந்த இதே ஜோடிதான். அமெரிக்கச் சாலை சிக்னல் பெட்டிகளில் விளக்குகளை மாற்றும் லோடு ஸ்விட்ச்சும் எஸ்.எஸ்.ஆர்.தான்.

அந்த ரீவைண்டிங் பட்டறைக்கு ஸ்டேட்டர் இரண்டுக்கும் காசு கொடுத்தேன். பேனலில் இப்போது 40 ஆம்பியர், 480 வோல்ட் எஸ்.எஸ்.ஆர்., அதைவிடப் பெரிய ஹீட் சிங்க், கதவில் ஒரு ஃபேன், காண்டாக்டர், 150இல் நிற்கும் லிமிட் தெர்மோஸ்டாட். மாதம் ஒருமுறை அங்கே வேலை பார்க்கும் பையன், ஓவன் 100 டிகிரியில் ஓடும்போது தெர்மோஸ்டாட் குமிழை 60க்குத் திருப்புவான். காண்டாக்டர் டக்கென்று விழ வேண்டும். விழுந்ததும் எனக்கு "விழுந்துருச்சுண்ணா" என்று ஒரு மெசேஜ் வரும்.